படகு யந்திரத்தின் ‘டிக் டிக்’

அமெரிக்காவில் ஆஷ்காஷ் நகரத்தில் 1947-ல் பிறந்த ‘அடாமிக் 4’ என்னும் பெட்ரோல் யந்திரம், இன்றும் பல பாய்மரப் படகுகளின் வயிற்றில் உழைத்து வருகிறது. சிலிண்டர் நான்கு; குதிரை சக்தி முப்பது. இக்கிழவரிடம் ஒரு ‘டிக் டிக்’ ஓசை உண்டு. காது கூசும் சொந்தக்காரர் சிலர், வால்வுத் தண்டுக்கும் அதைத் தூக்கும் டாப்பெட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை மூடி, ஓசையை அடக்கிவிடுகிறார்கள். இதைவிட அபசாரம் வேறில்லை! சூடேறினால் தண்டு நீளும். இடமில்லாவிட்டால் வால்வு தன் பீடத்தில் அமராது. பீடத்தின் வழியாக அன்றோ அதன் உஷ்ணம் இறங்கவேண்டும்? புகையை வெளியேற்றும் வால்வு விளிம்பில் கருகிப்போகும். துறைமுக வாயிலில், எதிர்க்காற்றில், நால்வரில் ஒருவர் படுத்துவிட்டால் என் செய்வது? பெட்ரோல் குறைந்த கலவையும், தாமதித்தெழும் தீப்பொறியும் அதே வால்வைத்தான் வாட்டும். அவ்விடைவெளியோ அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு! அளவுத் தகட்டைச் செருகிச் சரிபார்க்க ஒரு காலைப் பொழுது போதும்.