மெனு எழுதும்போது பிள்ளை எங்கே?

சமையல் மாஸ்டர் நோட்டோடு திண்ணையில் உட்கார்ந்ததும் வீட்டில் எல்லோருக்கும் குரல் வந்துவிடுகிறது. தாய்மாமன் பன்னீர் பட்டர் மசாலா என்கிறார். அரூரில் போன மாதம் பானிபூரி ஸ்டால் போட்டார்களாம், நாம் மட்டும் குறைந்தவர்களா என்கிறார் சித்தப்பா. ஐஸ்கிரீம் இரண்டு வகை, பீடா, பஞ்சுமிட்டாய். பட்டியல் நீள நீள, இலைக்கு இவ்வளவு என்ற தொகையும் ஏறுகிறது. காபி கொண்டுவரும் கல்யாணப் பெண், "எதுக்குப்பா இவ்வளவு?" என்று கேட்டால், "நீ உள்ள போம்மா, பெரியவங்க பாத்துக்குவோம்" என்று அனுப்பிவிடுகிறோம்.

கல்யாணம் யாருக்கு?

பிள்ளைக்குத்தான், அவளுக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்றுதான் இத்தனையும் என்போம். பொய்யில்லை. ஆனால் ரிசப்ஷன் அன்று அவளைக் கவனியுங்கள். மாலையில் மேடை ஏறுபவள் கூட்டம் கரையும்வரை கழுத்தில் மாலையோடு நிற்கிறாள். நாம் சண்டை போட்டுச் சேர்த்த அத்தனை வகையையும் ஊரே சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆறிப்போன இலை. அதிலும் முதல் வாயைக் கேமராவுக்காக மூன்று தடவை ஊட்டிக்கொள்ள வேண்டும். மணமக்களை முதல் பந்தியிலேயே உட்கார வைத்தால் எந்த மாஸ்டர் வேண்டாம் என்று சொல்லப் போகிறார்?

அடுத்த மாதக் காட்சியும் நமக்குத் தெரிந்ததே. ஓசூரில் ஷிப்டுக்குப் போகும் மகனிடம், "நகையைத் திருப்பணும், கொஞ்சம் பாத்து அனுப்புப்பா" என்று போனில் கேட்கிறோம். சின்னவளின் காலேஜ் பீஸ் அடுத்த சீட்டு எடுக்கும்வரை காத்திருக்கிறது. மொய் வந்ததே என்பீர்கள். அது ஒவ்வொரு வீட்டுக்கும் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். நமக்குப் பிறகு அந்த மொய் நோட்டும் பிள்ளைகள் கைக்குத்தான் போகும். இதில் எண்ணூறு இலைக்குப் பேசிவிட்டால், அறுநூறு பேரே வந்தாலும் பெரும்பாலும் பேசிய தொகையைத்தான் கொடுத்தாக வேண்டும். வராத இருநூறு பேரின் சாப்பாட்டுக்கு எந்தப் பிள்ளை சம்பளத்தில் கழிப்பது?

2017-ல் ஜம்மு காஷ்மீர் அரசு ஓர் ஆணை போட்டது. மகள் கல்யாணத்துக்கு 500 பேர், மகன் கல்யாணத்துக்கு 400 பேர், பரிமாறுவது 7 வகைக்கு மேல் கூடாது என்று. பந்தியில் அரசாங்கம் தலையிடுவது எனக்கும் உவப்பில்லை. ஆனால் வீட்டுப் பிள்ளை மெல்லிய குரலில் அதையே சொல்லும்போது, அதட்டி உள்ளே அனுப்புகிறோமே?

இன்னொன்று. "நம்ம ஊர்க் களியும் அவரைக்காய்க் குழம்பும் ஒரு ஓரமா வைக்கலாமே" என்று இந்தத் தலைமுறைப் பிள்ளைகள் சிலர் ஆசைப்படுகிறார்கள். நமக்கு முகம் சுருங்குகிறது. களி போட்டு அனுப்பினார்கள் என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிடுவார்களாம். கேழ்வரகில் வளர்ந்த மாவட்டம் இது. உலகமே சிறுதானிய ஆண்டு கொண்டாடிய 2023-ல், ரேஷன் அரிசியில் 2 கிலோவுக்குப் பதில் கேழ்வரகு தரும் திட்டத்தைத் தமிழக அரசு நீலகிரியிலும் நம் தருமபுரியிலும்தான் முதலில் கொண்டுவந்தது. பாலக்கோட்டுத் தக்காளியும் சித்திரை, வைகாசி மாம்பழமும் கையெட்டும் தூரத்தில் கிடக்க, எங்கிருந்தோ வரும் டின் பழத்தை வெட்டி சாலட் என்று வைக்கிறோம். சாப்பாட்டைப் பற்றிப் பிள்ளைக்கு இல்லாத வெட்கம் நமக்கு எங்கிருந்து வந்தது?

ஆகவே, அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்த மெனு நோட்டை ஒரு ராத்திரி கல்யாணப் பிள்ளையிடம் கொடுத்துவையுங்கள். மொத்தச் செலவையும், அதில் எவ்வளவு கடன் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வெட்டுவதை வெட்டட்டும். பானிபூரி வேண்டும் என்று அவளே எழுதினால், சித்தப்பாவுக்கும் சந்தோஷம்.