சிங்கி அடிக்கிறவனுக்கு சிங்கி எதுக்கு?

மாசக் கடைசியில் சிங்கி அடிக்காத காலேஜ் பையன் மதுரையில் உண்டா? டீக்குச் சில்லறை இல்லாமல் அடுத்தவன் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிற அந்தச் சிங்கி நமக்கு ரொம்பப் பழக்கம். இன்னொரு சிங்கி இருக்கிறது பாஸ்! கடலுக்கடியில் பாறை இடுக்கில் பதுங்கிக்கொண்டு, ரெண்டு நீள மீசையை மட்டும் வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டிருக்கும். கடற்கரைக்காரர்கள் சிங்கி இறால், கல் இறால் என்பார்கள். ஸ்டார் ஹோட்டல் மெனு கார்டில் அதே ஆசாமிக்கு 'லாப்ஸ்டர்' என்று பெயர். விலையைப் பார்த்தால் கார்டை மூடி வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணி குடிக்கத் தோன்றும்.

அந்த விலைக்குத் தகுந்த ருசி அதில் இருக்கிறதா? நண்டு, இறால், சிப்பி, நத்தை என்று ஓடு போட்ட ஜீவன்களை எல்லாம் ஒரே பந்தியில் உட்கார வைத்து மார்க் போட்டால் எது ஃபர்ஸ்ட் வரும்? இந்த வாரம் அதுதான் மேட்டர்.

முதலில் உப்புக் கணக்கு

கடல் தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. உப்பில் போட்ட மாங்காய் எப்படித் தண்ணி விட்டுச் சுருங்குகிறதோ, அதே கதி அங்கே வாழ்கிற நண்டுக்கும் வர வேண்டும். வரவில்லையே, ஏன்? நண்டு, இறால், சிப்பி எல்லாம் தங்கள் செல்லுக்குள் அமினோ அமிலங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு உப்புக்கு ஈடு கட்டுகின்றன. அதில் முக்கியமான ஒன்று கிளைசின். நாக்கில் பட்டால் இனிக்கும். அதன் பெயரே 'இனிப்பு' என்ற கிரேக்கச் சொல்லில் இருந்து வந்ததுதான். கூடவே குளுட்டமேட் வகையறா, அதாவது 'இன்னும் ஒரு கரண்டி ஊத்து'ன்னு கேட்க வைக்கிற அந்தச் சாறு ருசி.

இப்போது வயல் நண்டுக்கு வாருங்கள். வாய்க்கால் தண்ணியில் உப்பு ஏது? அதனால் இந்த அமிலங்களை மூட்டை கட்டி வைக்க வேண்டிய அவசியம் அதுக்கு இல்லை. கடல் நண்டு தித்திப்பதும், வயல் நண்டு சப்பென்று இருப்பதும் இதனால்தான். ருசி கம்மி என்றால் அது நண்டு பண்ணின தப்பு இல்லை மக்களே, தண்ணீரோட கணக்கு!

மார்க் லிஸ்ட் ரெடி

மசாலா எதுவும் போடாமல், மஞ்சள், உப்பு மட்டும் போட்டு வேக வைத்துச் சாப்பிட்டால் என்ன மார்க்? இது என் நாக்கு போட்ட மார்க். ரீவேல்யுவேஷனுக்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

சிங்கி: ஹாலிவுட் படத்தில் பெரிய கொடுக்கோடு வருமே, அது அட்லாண்டிக் குளிர்கடல் சரக்கு. மன்னார் வளைகுடாவில் கிடைக்கிற நம்ம சிங்கிக்குக் கொடுக்கு கிடையாது, மீசையும் முள்ளும்தான். சாப்பாடு எல்லாம் வாலில். சதை கெட்டி, நார் நாராகப் பிரியும், மென்று முடிக்கிற நேரத்தில் ஒரு தித்திப்பு வரும். இரண்டு நிமிஷம் கூட வெந்தால் ரப்பர். 80 மார்க்.

தட்டைச் சிங்கி: மணல் தரையில் வாழ்கிற சித்தப்பா பையன். யாரோ செருப்புக் காலால் மிதித்த மாதிரி சப்பையாக இருக்கும். மீசையும் இல்லை. சதை இன்னும் மெதுவாக, இனிப்பு கொஞ்சம் தணிவாக. 65.

நீலக்கால் நண்டு: பாக் நீரிணைப் பக்கத்து செல்லம். ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் போனால் கூடை கூடையாகப் பார்க்கலாம். சதை பஞ்சு மாதிரி, வாயில் வைத்தவுடனே இனிக்கும். சிங்கிக்கு ஆகிற விலையில் சின்ன பங்கு. 90! ஆமாம், சிங்கியை விட 10 மார்க் ஜாஸ்தி. யாரிடம் வேண்டுமானாலும் பந்தயம் கட்டுவேன்.

களி நண்டு: கழிமுகச் சேற்றில் வாழ்கிற பயில்வான். 'நண்டு கொழுத்தால் வளையில் தங்காது' என்ற பழமொழிக்கு இவர்தான் பொருத்தமானவர். கொடுக்கில் இருக்கிற சதை முரட்டுத்தனமாக, கொழுப்போடு இருக்கும். 85.

இறால்: கடல் இறாலுக்கு ஒரு தனி வாசம் உண்டு. அது தின்கிற கடல் உயிர்களில் இருந்து வருகிற புரோமோஃபீனால் என்ற பொருள்தான் காரணம். 75. வனாமி இறால் பசிபிக் கரையோர லத்தீன் அமெரிக்காக்காரர். இந்தியப் பண்ணைகளில் 2009-ல் அனுமதி கிடைத்தது, இப்போது பண்ணை இறாலில் பெரும்பங்கு அவர்தான். தீவனம் தின்று, பல இடங்களில் உப்பு குறைந்த தண்ணியில் வளர்வதால் கடல் வாசம் இருக்காது. 55. பிரியாணி மசாலா காப்பாற்றிவிடும்.

சிப்பி: கன்னியாகுமரி மாவட்டத்தில் பாறையில் ஒட்டி வளர்வது. கேரளத்தில் கல்லுமக்காய். ஈரல் மாதிரி ஒரு கனத்த ருசி, கடலையே மென்ற மாதிரி. 75. முதல் தடவை சாப்பிடுகிறவர் 40 போடுவார், மூணாவது தடவை 90 போடுவார்.

நத்தை: வயலிலும் கண்மாயிலும் கிடைப்பது. நன்றாகக் கழுவி, வேக வைத்து, ஊசியால் குத்தி எடுத்து, மிளகு போட்டுச் சுக்கா பண்ணினால் ஆட்டுக் குடலுக்குத் தம்பி. வெறுமனே வேக வைத்தால் 45, சுக்காவுக்கு 80.

வயல் நண்டு: வெறும் நண்டுக்கு 50. ஆனால் உரலில் போட்டு இடித்து, சாறு வடிகட்டி, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு ரசம் வைத்தால்? 95! மழைக்காலச் சளிக்கு அந்த ரசத்தைக் குடித்துவிட்டு மூக்கு திறந்த சந்தோஷத்தை எந்த லாப்ஸ்டரும் தராது.

கடல் இல்லாத ஊர்

இந்த மார்க் லிஸ்ட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. மதுரைக்குக் கடல் கிடையாது. எந்தப் பக்கம் போனாலும் ரோட்டில் நூறு கிலோமீட்டருக்கு மேல். நண்டும் சிங்கியும் செத்த அடுத்த நிமிஷமே அதன் செரிமான உறுப்பில் இருக்கிற என்சைம்கள் சதையைக் கரைக்க ஆரம்பித்துவிடும். உலகம் முழுக்க லாப்ஸ்டரை உயிரோடு விற்பதற்குக் காரணம் இதுதான். களி நண்டு ஈரத்தில் இருந்தால் தண்ணிக்கு வெளியே சில நாள் தாங்கும், அதனால்தான் கொடுக்கைக் கட்டி சிங்கப்பூர் வரைக்கும் உயிரோடு அனுப்புகிறார்கள். நீலக்கால் நண்டுக்கு அந்தத் தெம்பு கிடையாது.

அதனால், கடற்கரையில் 80 வாங்குகிற சிங்கி, ஐஸில் நாலு நாள் கிடந்து மதுரை ஹோட்டல் ஃப்ரிட்ஜுக்கு வருகிறபோது 50-ஐத் தாண்டாது. அந்தப் பக்கம் பாருங்கள், வாடிப்பட்டி வரப்பில் காலையில் பிடித்த நண்டு, சாக்குக்குள் கொடுக்கை ஆட்டிக்கொண்டு உயிரோடு வீட்டுக்கு வருகிறது. நம்ம ஊரில் நிஜமான ஃப்ரெஷ் நண்டு எது என்று இப்போது சொல்லுங்கள்!

விலை எங்கே இருந்து வந்தது?

அமெரிக்காவின் வடகிழக்குக் கடற்கரையில் ஒரு காலத்தில் லாப்ஸ்டர் என்றால் ஏழைகளின் சாப்பாடு. கரையில் அவ்வளவு மலிவாகக் கிடைத்தது. 19-ம் நூற்றாண்டில் டின்னில் அடைத்து அனுப்பினார்கள், ரயில் வந்தது, கடலைப் பார்க்காத உள்நாட்டுக்காரர்கள் ருசி கண்டார்கள். பிறகு கடலில் குறைந்தது, விலை ஏறியது, பணக்காரத் தட்டில் போய் உட்கார்ந்துவிட்டது. லாப்ஸ்டர் மாறவில்லை, அதைச் சாப்பிடுகிற ஆள் மாறினார். அவ்வளவுதான்!

நம்ம பக்கமும் இதே கதை. நல்ல சிங்கியும் நல்ல களி நண்டும் ஏற்றுமதிக்குப் போகும், மிச்சம்தான் உள்ளூருக்கு. இலங்கையிலும் பெரிய நண்டு எல்லாம் சிங்கப்பூருக்குப் பறந்துகொண்டிருந்தது. 2011-ல் சமையல் கலைஞர் தர்ஷன் முனிதாச, நம்ம கிரிக்கெட் எதிரிகள் ஜெயவர்த்தனே, சங்கக்கராவோடு சேர்ந்து கொழும்பில் 'மினிஸ்ட்ரி ஆஃப் கிராப்' ஆரம்பித்தார். அங்கே இலங்கை நண்டுதான் ஹீரோ. உள்ளூர் நண்டைத் தேடி வெளிநாட்டுக்காரன் ஃப்ளைட் ஏறி வருகிறான்.

'சிக்கன்டா!'

எங்கள் ஹாஸ்டலில் மேலூர்ப் பக்கத்துப் பையன் ஒருத்தன் இருந்தான். ஊருக்குப் போய்விட்டு வந்தால் அம்மா கொடுத்த தூக்குவாளியோடு வருவான். ஆனால் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டான். ஒருநாள் வளைத்துவிட்டோம்.

"என்னடா மாப்ள குழம்பு?"

"சிக்கன்டா."

"சிக்கனுக்கு எப்பேர்ந்துடா கொடுக்கு முளைச்சுச்சு?"

எல்லோரும் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் சொன்னான். "எங்கம்மா களை எடுக்கப் போறப்ப வரப்புல பிடிச்சதுடா. சொன்னா கேவலமாப் பார்ப்பீங்கன்னு..."

கடல் நண்டு என்றால் 'சீஃபுட்', வயல் நண்டு என்றால் கேவலம். இது நாக்கு சொன்ன தீர்ப்பா? சத்தியமாக இல்லை. நண்டு, நத்தை பிடித்துத் தின்றவர்கள் கூலிக்கு நாற்று நட்டவர்கள், களை எடுத்தவர்கள். 1895-ல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடித்த பிறகு மேலூர் வரைக்கும் தண்ணி பாய்ந்து வயல் பச்சையானது. அந்த வயலின் நெல் களத்து மேட்டுக்குப் போனது. வேலை செய்தவர் மடியில் கட்டிக்கொண்டு போனது நண்டும் நத்தையும்தான். கறி எடுக்கக் காசில்லாத வீட்டில் பிள்ளைகளுக்குக் கிடைத்த புரதம் அது. 'நண்டு, நத்தை திங்கிறவன்' என்று திட்டுகிறவர் உணவைத் திட்டவில்லை, அந்த வீட்டு ஆட்களைத் திட்டுகிறார். அவரே பீச் ரிசார்ட்டில் அதே நண்டின் கடல் அண்ணனுக்கு முன்னால் செல்ஃபி எடுக்கிறார்.

அந்தக் கேலியைத் தாங்கினாலும், வயல் நண்டுக்குத் தாங்காதது பூச்சிமருந்து. வரப்பைக் குடைந்து தண்ணியை ஒழுக விடும், இளம் நாற்றை வெட்டும் என்று விவசாயிக்கும் அதன் மேல் கோபம் உண்டு. குருணை மருந்து விழுகிற வயலில் நண்டு தங்காது. தங்கினாலும் அதைத் தின்னக் கூடாது. அம்மாக்களுக்குத் தெரியும், எந்த வயலில் மருந்து அடித்திருக்கிறது என்று. அந்த அறிவும் நண்டோடு சேர்ந்து கரைந்துகொண்டிருக்கிறது.

உஷார் பார்ட்டி!

வயல் நண்டையும் நத்தையையும் அரைவேக்காட்டில் சாப்பிடவே கூடாது. மணிப்பூர், நாகாலாந்து, அருணாச்சலப் பக்கம் சரியாக வேகாத நன்னீர் நண்டு மூலமாக நுரையீரல் புழு நோய் வருகிறது. இருமலும் ரத்தமுமாக, டிபி மாதிரியே ஏமாற்றும். கொதிக்கக் கொதிக்க வேக வையுங்கள்.

இறால் சாப்பிட்டு உதடு வீங்கினவர்கள் நண்டு, சிங்கியிலும் கை வைக்காதீர்கள். எல்லாவற்றிலும் டிரோபோமயோசின் என்ற ஒரே வகைப் புரதம்தான் வில்லன்.

கடல் நண்டு வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள். உருவத்துக்குத் தகுந்த கனம் வேண்டும். ஓடு கழற்றிப் புது ஓடு போட்ட நண்டு பார்க்க ஜோராக இருக்கும், உள்ளே தண்ணிதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம்ம கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை, அப்போது விலை எகிறும், ஐஸ் சரக்கும் அதிகம்.

சிங்கியைக் குட்டியாகப் பார்த்தால் வாங்காதீர்கள். 2003-ல் மத்திய அரசு ஏற்றுமதிக்குக் குறைந்தபட்ச எடை வைத்தது. பாறைச் சிங்கிகளில் வகையைப் பொறுத்து 200, 300, 500 கிராம், தட்டைச் சிங்கிக்கு 150. வெளிநாட்டுத் தட்டுக்கு அளவு பார்க்கிற நாம், உள்ளூர்த் தட்டுக்கும் பார்க்கலாமே?

பாக்கெட் பிளான்

நாலு பேர் காசு போடுங்கள். காலையில் சீக்கிரமே நெல்பேட்டைப் பக்கம் போய் ஒரு கிலோ நீலக்கால் நண்டு வாங்குங்கள். முதலில் ஆளுக்கு ஒரு காலை மசாலா இல்லாமல் சாப்பிடுங்கள். அந்தத் தித்திப்பு நாக்குக்குப் பழகட்டும். மிச்சத்தை நம்ம ஊர் மிளகு மசாலாவில் போடுங்கள். நண்டு சதையை உதிர்த்து முட்டையில் கலந்து நண்டு ஆம்லெட் கண்ட ஊர் பாஸ் இது. கடல் இல்லாத குறையை மெஸ்காரர்கள் அப்படித்தான் தீர்த்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கிராமத்து ஃப்ரெண்ட் வீட்டுக்குப் போய் வயல் நண்டு ரசம் கேளுங்கள். "அதெல்லாம் நீங்க சாப்பிட மாட்டீங்க தம்பி"ன்னு அம்மா கூச்சப்படுவார்கள். விடாதீர்கள், ரெண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடியுங்கள்.

வயல் நண்டு உங்கள் வீட்டிலேயே வைக்கிற குழம்பா? அப்படியானால் ஒரே ஒரு வேண்டுகோள்தான். நாளைக்கு கேன்டீனில் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது மூடியால் மறைக்காதீர்கள். நடுவில் வையுங்கள். கொடுக்கு யாருக்கு என்று சண்டை வரும், பாருங்கள்!