பிப்பும் தடுமாறினான்

ஆங்கில நாவல் படிக்கத் தொடங்குபவர்கள் நீளமான சொற்களைக் கண்டு மிரள்கிறார்கள். அவற்றால் பெரிய தொல்லை இல்லை. தெரியாது என்பது தெரிந்துவிடும், அகராதியைப் புரட்டிக்கொள்ளலாம். காலை வாரிவிடுபவை தெரிந்த சொற்கள்தான்.

சார்லஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' (1861) நாவலில் 'பிராட் அப் பை ஹேண்ட்' என்றொரு தொடர் வருகிறது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'கையால் வளர்க்கப்பட்டவன்'. தாய்ப்பால் கிடைக்காத குழந்தைக்குப் புட்டியிலோ கரண்டியிலோ ஊட்டி வளர்ப்பதை அன்றைய இங்கிலாந்தில் அப்படிச் சொன்னார்கள். கதைநாயகனான தாயில்லாப் பிள்ளை பிப்பை அவ்வாறு வளர்த்தவள் அவனுடைய அக்கா. ஊரில் அதனால் அவளுக்கு நல்ல பெயர். சிறுவனுக்கோ பொருள் தெரியாது. அக்காவின் கனத்த கை தன்மீதும் அவள் கணவர் ஜோ மீதும் அடிக்கடி விழுவது மட்டும் தெரியும். ஆகவே, தங்கள் இருவரையுமே அவள் 'கையால்' வளர்த்ததாக முடிவுகட்டுகிறான்! பெற்றோரின் கல்லறையில் 'மேற்படியாரின் மனைவி' என்றிருப்பதைப் படித்து, அப்பா மேலுலகம் போன செய்தி அது என்றும் நினைத்துக்கொள்கிறான்.

ஆங்கிலேயப் பிள்ளைக்கே இந்தக் கதி.

டிக்கன்ஸ் சிரிக்க வைத்த தடுமாற்றத்தை நம் வகுப்பறைகள் மதிப்பெண் விவகாரமாக்கிவிட்டன. மரபுத்தொடர் இடப்பக்கம், பொருள் வலப்பக்கம், நடுவே ஒரு கோடு. மனப்பாடம் செய்தவர்களுக்கு நாயும் பூனையுமாகப் பெய்யும் மழை மறக்காது. நாவலில் அந்த மழையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

காலமும் பொருளை மாற்றிவிடுகிறது. 1815-ல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் 'எம்மா'வில், விருந்து முடிந்து திரும்பும் குதிரைவண்டியில் பாதிரியார் எல்டன் எம்மாவிடம் 'மேக்கிங் லவ்' செய்கிறார். இன்றைய பொருளில் படித்தால் கதையே குடைசாய்ந்துவிடும். அவர் செய்ததெல்லாம் காதலைச் சொல்லி மன்றாடியதுதான். படுக்கையறைப் பொருள் 20-ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது.

இங்கே மாணவர் அகராதியை முழுதாக நம்ப முடியாது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ.எஸ். ஹார்ன்பி உருவாக்கி, 1942-ல் டோக்கியோவில் வெளியான அகராதியின் வழிவந்ததே இன்று பலரும் வைத்திருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் பதிப்பு. அதன் வேலை நிகழ்கால ஆங்கிலத்தை விளக்குவது. ஆஸ்டினின் வண்டிக்குள் அது எட்டிப் பார்ப்பதில்லை.

பழைய நாவலுக்கு விளக்கக் குறிப்புகளுள்ள பதிப்பே துணை. மலிவுப் பதிப்புகளில் பெரும்பாலும் முதலில் காணாமல்போவது அந்தக் குறிப்புகள்தான். விலை கூடினாலும் கல்லூரி நூலகங்கள் குறிப்புள்ளதையே வாங்கவேண்டும். தேர்விலும் தொடரைத் தனியே பிய்த்துக் கேட்காமல், கதையின் ஒரு பத்தியோடு கொடுத்து, அங்கே அதற்கு என்ன பொருள் என்று கேட்கலாம்.