கிழட்டுக் கார்களின் அஞ்சலோட்டம்

பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டி முடிவடையும் மாலை நேரத்தைச் சிறிது நினைத்துப் பார்ப்போம். உயரம் பாய்தலும் குண்டெறிதலும் முடிந்து, வெயிலும் தணிந்து, புள்ளிக் கணக்கில் இரண்டு இல்லங்கள் ஒட்டி நிற்கும் வேளையில் அஞ்சலோட்டம் ஆரம்பமாகிறது. காலையிலே நூறு மீற்றர் ஓட்டத்தில் ஐந்தாவதாக வந்து, ஒருவராலும் கவனிக்கப்படாது போன பையனும் இப்பொழுது கோலுக்காகக் கையை நீட்டிக் கொண்டு நிற்கிறான். கோல் அவன் கையில் விழுந்த அந்தக் கணம் முதல் இல்லம் முழுவதின் மானமும் அவன் கால்களில் தங்கிவிடுகிறது. தனி ஓட்டம் வல்லவனைக் காட்டுகிறது. அஞ்சலோட்டமோ வல்லவனுக்கும் மற்றவன் வேண்டும் என்பதைக் காட்டுகிறது.

இந்த அஞ்சலோட்டத்தை மோட்டார்க் கார்களைக் கொண்டும் நடத்தலாம் என்றால், வாசகர்களுள் சிலர் புன்முறுவல் செய்யக்கூடும். அவ்வாறு ஓடும் கார்களுட் சில நம் பாட்டன்மார் காலத்துப் பழங்கார்கள் என்றால் புன்முறுவல் சிரிப்பாகவும் மாறலாம். ஆயினும் இங்கிலாந்து தேசத்தில் இது பல பத்தாண்டுகளாக நடந்து வந்த ஒரு காரியமாகும். அதனை நடத்தியவர்கள் பெருந் தனவந்தர்களும் அல்லர்; பெருங் கம்பனிகளும் அல்ல. வாரம் முழுவதும் தத்தம் தொழிலைப் பார்த்து, வார இறுதியிலே கைகளில் எண்ணெய் பூசிக்கொண்ட சாதாரண கழக உறுப்பினர்களே அவர்கள்.

கார்ப் பந்தயம் ஆரம்பத்தில் இத்தகையோருக்கு எட்டாத பொருளாகவே இருந்தது. 1907ஆம் ஆண்டில் இலண்டனுக்கு அணித்தாகப் புறூக்லண்ட்ஸ் என்னுமிடத்தில் பந்தயப் பாதையொன்று திறக்கப்பட்டது. கார்ப் பந்தயம் நடத்தும் முறை அக்காலத்தில் எவருக்கும் தெரியாதிருந்தமையால், அதனை அமைத்தோர் குதிரைப் பந்தயத்தையே வழிகாட்டியாகக் கொண்டனர். முதற் பந்தயங்களில் கார்களுக்கு இலக்கமும் இல்லை. குதிரை செலுத்துவோர் போன்று சாரதிகள் வர்ணச் சட்டைகளை அணிந்தே அடையாளம் காட்டினர். கார்கள் நிறுத்தப்படும் இடத்துக்குக் குதிரை லாயத்தையடுத்த வெளியைக் குறிக்கும் ‘படொக்’ என்ற பெயரே வழங்கியது. இன்றும் அதுவே வழங்குகிறது. குதிரைப் பந்தயத்திலிருந்து வந்த மற்றொரு பொருளும் உண்டு. வல்ல குதிரைக்குப் பாரம் ஏற்றி, வலிமை குறைந்த குதிரையையும் அதற்குச் சமமாக நிறுத்தும் ‘ஹண்டிகாப்’ முறையே அது. இதனைச் ‘சமன் செய்தல்’ என்று நாம் வழங்குவோம். கழகப் பந்தயங்களின் உயிர்நாடி பிற்காலத்தில் இதுவேயாயிற்று.

1922ஆம் ஆண்டில் சேர் ஹேர்பட் ஒஸ்ரின் ஒரு சிறிய காரை வெளியிட்டார். ‘ஒஸ்ரின் செவன்’ என்பது அதன் பெயர். ‘பேபி ஒஸ்ரின்’ என்பது உலகம் இட்ட செல்லப் பெயர். ஏறக்குறைய ஏழு அந்தர் நிறையே கொண்ட அக்காரின் எஞ்சின் 747 கன சென்ரிமீற்றர் கொள்ளளவு உடையது. சாதாரண குடும்பமும் கார் வாங்கலாம் என்ற நிலையை இங்கிலாந்தில் உண்டாக்கியவற்றுள் இதற்குத் தனியிடம் உண்டு. பழையதாகி விலை வீழ்ந்தபின் அது வாலிபர்களின் கைக்கு வந்தது. அவர்கள் உடற்பகுதியைக் கழற்றி எறிந்தும், எஞ்சினைத் திருத்தியும், தாமே பந்தயக் கார் சமைத்தனர். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற கொலின் சப்மன் தமது முதலாவது காரைச் சமைத்ததும், நியூசிலாந்தின் புறூஸ் மக்லாறன் பந்தயத்திற் பயின்றதும் இந்த ஒஸ்ரின் செவனைக் கொண்டே.

இக்காரின் அபிமானிகளுக்காக 1939ஆம் ஆண்டில் தோன்றியதே ‘750 மோட்டார்க் கழகம்’. எஞ்சினின் கொள்ளளவே கழகத்தின் பெயராயிற்று. இதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னர், 1934இல், ‘விண்டேஜ் விளையாட்டுக் கார்க் கழகம்’ என்ற மற்றொரு சங்கமும் தோன்றியிருந்தது. 1930ஆம் ஆண்டு முடிவதற்கு முன் செய்யப்பட்ட கார்களே சிறந்தவை என்பதும், அவற்றைக் காட்சிப் பொருளாக்காது ஓட்டிப் பழகவேண்டும் என்பதும் அச்சங்கத்தாரின் கொள்கை. ‘விண்டேஜ்’ என்று பழைய கார்களைக் குறிப்பிடும்போது அந்த 1930 என்னும் எல்லையே இன்றும் அளவுகோலாக விளங்குகிறது.

புறூக்லண்ட்ஸ் பாதையிற் பந்தயங்கள் 1939உடன் முடிவுற்றன. ஆனால் யுத்தம் ஒரு பாதையைப் பறித்தது போன்று வேறொன்றைத் தந்தும் சென்றது. குண்டுவீச்சு விமானிகளைப் பயிற்றுவதற்காக 1943இல் அமைக்கப்பட்ட சில்வர்ஸ்ரோன் விமானத்தளம் யுத்தத்தின்பின் வெறுமையாகக் கிடந்தது. 1948இல் அங்கே பெரும் பந்தயம் நடத்தப்பட்டது. அதே சில்வர்ஸ்ரோனில், 1951ஆம் ஆண்டில், 750 மோட்டார்க் கழகத்தார் ஆறு மணித்தியால அஞ்சலோட்டப் பந்தயத்தை ஆரம்பித்தனர். அக்கழகத்தின் தூண்களுள் ஒருவராக விளங்கியவர் ஹொலண்ட் பேர்க்கற் என்னும் மிருக வைத்தியர். 1963ஆம் ஆண்டில் அவர் விமான விபத்தொன்றில் உயிர் நீத்தார். அவர் நினைவாக அப்பந்தயம் அவருடைய பெயரையே தாங்கலாயிற்று.

அதன் அமைப்பைச் சிறிது விளக்குவோம். ஓர் அணியில் ஆறு கார்கள் வரையிற் சேரலாம். ஒரு நேரத்தில் அணிக்கு ஒரு கார் மாத்திரமே பாதையில் ஓடவேண்டும். சாரதி தன் முறை முடிந்து திரும்பியதும், தான் அணிந்துள்ள பட்டியைக் கழற்றி அடுத்த சாரதிக்குக் கொடுப்பான். பாடசாலை மைதானத்தில் கோல் எப்படியோ, அங்கே அந்தப் பட்டி அப்படி. பட்டி கைமாறாமல் அடுத்த கார் அசையலாகாது. ஆறு மணித்தியாலமும் கழிந்தபின், எந்த அணி மிகுதியான சுற்றுக்களைப் பெற்றிருக்கிறதோ அதுவே வெற்றி பெறும்.

ஆயின், புதுக்கார் அணியோடு பழங்கார் அணி எவ்வாறு போட்டியிடும் என்று மாணவர்கள் வினவலாம். சமன் செய்தல் இங்கேதான் உதவுகிறது. ஒரு கணக்குச் செய்து பார்ப்போம். விரைவான அணியொன்று ஒரு சுற்றை இரண்டு நிமிடத்தில் ஓடுகிறது எனக் கொள்வோம். 360 நிமிடத்தில் அது 180 சுற்று ஓடும். பழங்கார் அணிக்கு ஒரு சுற்றுக்கு இரண்டரை நிமிடம் வேண்டும். அது 144 சுற்றே ஓடும். இவ்விரண்டிற்கும் உள்ள வித்தியாசமாகிய 36 சுற்றுக்களைப் பழங்கார் அணிக்கு முன்கூட்டியே வரவு வைத்துவிடுகின்றனர். பந்தயத்தன்று விரைவான அணி ஒரு கார் பழுதானதாலும், பட்டி மாற்றுவதில் ஏற்பட்ட குழப்பத்தாலும் நான்கு சுற்றுக்களை இழந்து 176இல் நிற்கிறது. பழங்கார் அணியோ பதறாமல் ஓடி ஒரேயொரு சுற்றை மட்டும் இழக்கிறது. 143 உடன் 36 சேர, 179. மூன்று சுற்றுக்களால் கிழவர்கள் வென்றுவிட்டனர்! வேகத்தில் உள்ள வேற்றுமையைக் கணக்கு நீக்கிவிடவே, நிதானமும் ஒழுங்கும் ஒற்றுமையுமே போட்டிக்குரிய பொருள்களாக எஞ்சுகின்றன.

இம்முறைக்கு ஓர் அபாயமும் உண்டு. பயிற்சி ஓட்டத்தின்போது வேண்டுமென்றே மெதுவாக ஓடி, அதிகமான சுற்றுக்களை வரவாகப் பெற்று, பந்தயத்தன்று முழு வேகத்தையும் காட்டும் கபடம் எவருக்குந் தோன்றக் கூடும். கணக்குப் பார்ப்பவர் அறிவித்த வேகத்தையும் ஓடிய வேகத்தையும் ஒப்பிட்டுத் தண்டிக்கலாம். ஆனால் எந்தச் சட்டமும் மனச்சாட்சிக்கு ஈடாகாது. சிநேகபூர்வமான போட்டி என்பதன் பொருளை இங்கேதான் நாம் உணரவேண்டும். வெற்றியிற் கருத்தில்லாத போட்டியை அச்சொல் குறிப்பதன்று. தோற்றாலும் மறுவாரம் அதே மனிதரிடம் உதிரிப்பாகம் இரவல் கேட்கக்கூடிய விதத்தில் போட்டியிடுவதையே அது குறிக்கிறது.

பழங்கார்களுக்கு அஞ்சலோட்டம் ஏற்றதாயிருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஆறு மணித்தியாலம் தொடர்ந்து ஓடினால் அவற்றின் எஞ்சின் சூடேறி நொந்துபோகும். முறைவைத்து ஓடும்போதோ ஒவ்வொன்றும் இளைப்பாறிக்கொள்கிறது. ஒன்று பழுதானாலும் மற்றவை அணியைக் காக்கின்றன. எந்தக் காரை எப்பொழுது அனுப்புவது, மழை வந்தால் எவரை அழைப்பது என்பன அணித் தலைவரின் மதிநுட்பத்தைப் பொறுத்தவை. நேரங் குறிக்க ஒருவர், சுற்று எண்ண ஒருவர், பாதைக்குச் செய்தி காட்ட ஒருவர் என்று காரோட்டாத பலருக்கும் அங்கே வேலை உண்டு. குடும்பத்தவரும் இத்தகைய வேலைகளிற் பங்குகொள்ளும்போது அது ஒரு குடும்ப விழாவாகவே ஆகிவிடுகிறது.

எனினும், விளையாட்டு என்ற பெயரால் அபாயத்தை மறந்துவிடலாகாது. 1955ஆம் ஆண்டு பிரான்சிலே லெ மான் பந்தயத்திற் கார் ஒன்று சனக் கூட்டத்துட் பாய்ந்தபோது எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆரம்பகால ஒஸ்ரின் செவனில் காற்தடை பின்சில்லுகளையும், கைத்தடை முன்சில்லுகளையுமே பற்றும் என்பதை அறிந்தோர் அதன் தடைகளை நம்பி விரையத் துணியார். ஆகவே ஓட்டத்துக்கு முன் ஒவ்வொரு காரின் தடை, சுக்கான், சில்லு என்பன பரிசோதிக்கப்படல் வேண்டும். வளைவு தோறும் கொடியோடு தொண்டர்கள் நிற்றல் வேண்டும். மஞ்சட் கொடி ஆபத்தை அறிவிக்கும். நீலக் கொடி பின்னால் விரைந்து வருபவருக்கு வழிவிடச் சொல்லும். மஞ்சளும் சிவப்பும் கலந்த கொடி பாதை வழுக்கும் என்று எச்சரிக்கும். செங்கொடி கண்டால் பந்தயமே நின்றுவிடும். மழையிலும் குளிரிலும் சம்பளமின்றிக் கொடி பிடித்து நிற்கும் தொண்டரே கழகப் பந்தயத்தின் உண்மையான அத்திவாரம் என்பது எமது கருத்து.

அருமையான பழங்கார்களைப் பந்தயத்தில் ஓட்டித் தேய்ப்பானேன், கண்ணாடிச் சாலையில் வைத்துப் போற்றலாகாதா என்று கேட்போரும் உளர். அக்கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒருமுறை நொறுங்கிய பொருள் பழைய பொருளாக மீளாது. ஆயினும் ஓடாத காரோடு அதனை ஓட்டும் கலையும் திருத்தும் கலையும் சேர்ந்தே மறைந்துவிடுகின்றன என்பதை நாம் மறக்கலாகாது. இதனை நம் நாட்டவருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 1990களில், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வராது தடைப்பட்டிருந்த காலத்தில், ஒஸ்ரின் ஏ-40 முதலிய பழங்கார்களையே சிறிது பெற்றோல் விட்டு இயக்கி, பின் மண்ணெண்ணெயில் ஓட்டி, நோயாளரையும் மணமக்களையும் ஏற்றிச் சென்றனர். அக்கார்களை ஓடவைத்தது பழைய இரும்பு மாத்திரமன்று. அதன் குணமறிந்த கைகளுமேயாகும். அந்தக் கைகள் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பயின்று வந்தவை. அறிவும் ஓர் அஞ்சலோட்டமேயன்றோ?

ஆகவே, ஊர்க் கழகமொன்றிற் காரியதரிசியாக இருக்கும் வாலிபரும், பாடசாலையில் விளையாட்டுக் குழு அமைக்கும் மாணவரும் இந்தச் சில்வர்ஸ்ரோன் கதையைத் தம் மனத்திற் பதித்துக்கொள்வாராக. பந்தயம் கார்களுக்காயினும் சைக்கிள்களுக்காயினும் விதி ஒன்றே. வல்லவனை மட்டும் கூப்பிட்டுப் போட்டி நடத்துவது எளிது. அங்கே ஒருவன் வெல்வான், மற்றையோர் வீடு செல்வர். மெலியவனுக்கும் இடமளித்து, அவனுடைய சுற்றும் கணக்கில் ஏறும்படி விதி வகுப்பது கடினம். அந்தக் கடினமான வேலையைப் பொறுமையோடு செய்த கழகங்களே நீண்டகாலம் நிலைத்திருக்கின்றன. ஏழு அந்தர் நிறையுள்ள ஒரு கிழட்டுக் கார் தன் முறை வரும்வரை ஓரமாகக் காத்து நின்று, பட்டி கிடைத்ததும் புறப்பட்டுச் செல்லும் காட்சி நமக்குப் போதிப்பது இதுவே.