மேடையும் கோணலாக இருக்கலாம்

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்பது நம்மவர் பழமொழி. பெரும்பாலும் அது பொருத்தமானதே. ஆயினும் சிற்சில வேளைகளில் மேடை உண்மையிலேயே கோணலாக இருந்துவிடுவதும் உண்டு. அப்பொழுது ஆடுபவளைக் கடிந்துகொள்வது அநீதியாகும். இசை பயிலத் தொடங்கும் பிள்ளையின் கையிலே விலை குறைந்த மாண்டலின் ஒன்று அகப்படும்போது பல வீடுகளில் நேர்வது இதுவே.

அக்கராயன் குளத்தின் கீழ் நெல் விளைவிக்கும் குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். காலபோக அறுவடை முடிந்து கையில் நாலு காசு சேர்ந்ததும், மகள் நெடுநாளாகக் கேட்ட மாண்டலின் வாங்கப்படுகிறது. மீட்டினால் ஒலி முற்றத்தைத் தாண்டவில்லை. தகரத்தைத் தட்டினாற் போன்ற ஓசை. இரண்டு மாதத்தில் கருவி மூலைக்குப் போகிறது. “பிள்ளைக்குச் சங்கீதம் வராது” என்ற தீர்ப்பும் வழங்கப்பட்டுவிடுகிறது. 2008, 2009ஆம் ஆண்டுகளில் உடைமைகளை இழந்து இடம்பெயர்ந்து, பின்னர் மீண்டு வந்து சட்டி பானை முதலாக யாவற்றையும் புதிதாகத் தேடிக்கொண்ட ஊர்களிலே, ஒரு பிள்ளையின் விருப்பம் இவ்வாறு வீணே அணைந்துபோவதை நாம் பொறுத்துக்கொள்ளலாகாது.

குறை எங்கே உள்ளது? தந்தி மெல்லியது, தனித்து நின்று அது காற்றை அதிகம் அசைக்கமாட்டாது. தந்தியின் அதிர்வைக் ‘குதிரை’ எனப்படும் சிறு மரத்தாங்கி ஏற்று மேற்பலகைக்குக் கொடுக்கிறது. அகன்ற பலகை அதிர்ந்தபின்னரே நாம் கேட்கும் நாதம் பிறக்கிறது. குளம் நிரம்பியிருந்தும் துருசு அடைபட்டிருந்தால் வயலுக்கு நீர் பாயாது என்பதை வன்னி மக்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. மாண்டலினுக்குக் குதிரையே துருசு.

ஆகவே முதலிற் பார்க்க வேண்டியது குதிரையின் அடிப்பாகம். மேற்பலகை சற்று வளைந்திருக்க, குதிரையின் அடி தட்டையாக இருந்தால் இரண்டும் ஓரிரு இடங்களிலேயே தொடும். குதிரையின் பின்னே விளக்கொன்றைப் பிடியுங்கள். அடியில் வெளிச்சம் கசிந்தால் பொருத்தம் போதாது. தந்திகளைத் தளர்த்தி, மேற்பலகையின் மீது அரத்தாளைச் சொரசொரப்பு மேலே இருக்கும்படி விரித்து, அதன்மேல் குதிரையை நிமிர்த்திப் பிடித்து மெல்லத் தேய்க்க வேண்டும். பலகையின் வளைவே குதிரைக்கும் வந்துவிடும். அரைமணி நேரப் பொறுமைக்குக் கிடைக்கும் பயன் வியப்பளிக்கும்.

அடுத்தது குதிரை நிற்கும் இடம். கழுத்தின் தலைப்பக்கத் தடையிலிருந்து 12ஆவது மெட்டு வரையுள்ள தூரமும், அம்மெட்டிலிருந்து குதிரை வரையுள்ள தூரமும் ஏறக்குறையச் சமமாதல் வேண்டும். 12ஆவது மெட்டில் அழுத்தும்போது சுரம் ஏறி ஒலித்தால் குதிரையைக் கழுத்திலிருந்து சிறிது அப்பால் நகர்த்துங்கள்; இறங்கி ஒலித்தால் கழுத்தை நோக்கி நகர்த்துங்கள். அம்மெட்டின் மேலே தந்தி 1½ முதல் 2 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்பது நலம். மிகத் தாழ்ந்தால் தந்தி மெட்டிலே பட்டு இரையும். மிக உயர்ந்தால் பிள்ளையின் விரல் நோகும்.

மூன்றாவது தந்தி. துருவேறிய தந்தியில் இனிமையை எதிர்பார்த்தல் இயலாது. புதிய தந்திகளை ஒவ்வொன்றாக மாற்றுக. எல்லாவற்றையும் ஒருங்கே கழற்றினால் குதிரை இடம்பெயரும். சற்றுத் தடித்த தந்தி ஒலியைப் பெருக்கும் என்பது மெய். ஆனால் எட்டுத் தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 முதல் 80 கிலோகிராம் வரை இழுக்கும் என்பதை மறவாதீர்கள். வயிறு பருத்த பழைய இத்தாலிய வகைக் கருவிகள் அச்சுமையைத் தாங்கமாட்டா. அவற்றுக்கு மெல்லிய தந்தியே தகும். இரட்டைத் தந்திகள் இரண்டும் ஒரே சுருதியில் நிற்கின்றனவா என்பதையும் பார்த்தல் வேண்டும். அவை சிறிது பிசகினாலும் நாதம் கலங்கும்.

இனி, செலவில்லாத இரண்டு வழிகள். கருவியின் முதுகை மார்போடும் வயிற்றோடும் அணைத்துப் பிடித்தால் அதன் அதிர்வு அடங்கிவிடும். சற்றே விலக்கிப் பிடியுங்கள். மீட்டும் தகடு காகிதம்போல் மெலிந்திருந்தால் ‘டிக்’ என்ற ஓசையே மிகும். ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாத தடிப்புள்ளதைக் கொள்க. சரோத் வாசிப்போர் தேங்காய்ச் சிரட்டையைச் செதுக்கி மெருகேற்றிய தகட்டினால் மீட்டுவர். சிரட்டைக்கு நம் வீடுகளிற் பஞ்சமில்லை. மாணவர்கள் முயன்று பார்க்கலாம்.

இவ்வளவும் செய்தால் ஒட்டுப்பலகைக் கருவி உயர்ந்த கருவியாகிவிடுமா? ஆகாது. நல்ல மரத்தை வைரம் பார்த்துச் செதுக்கிய மேற்பலகையின் நாதம் அதற்கு வாராது. ஆனால் பிள்ளை தன் வாசிப்பைத் தானே கேட்டு மகிழும் அளவுக்கு அது பேசும். தொடக்க நிலையில் அதுவே போதுமானது. கழுத்து வளைந்தோ பலகை வெடித்தோ இருந்தால் மட்டும் கைதேர்ந்தவரிடம் கொண்டுசெல்க. வீட்டிலே பசை பூசி விளையாடற்க.

மாண்டலினின் குறையை எதிர்கொண்டு வென்றவர் ஒருவரை இங்கு நினைவுகூர்தல் தகும். ஆந்திராவின் பாலக்கொல்லில் 1969இல் பிறந்த உ. ஸ்ரீநிவாஸ் சிறு வயதிலேயே இக்கருவியிற் கர்நாடக இசையை வாசிக்க முற்பட்டார். மீட்டியவுடன் மறையும் ஒலியில் கமகத்துக்கு இடமேது என்று ஐயுற்றோர் பலர். அவர் இரட்டைத் தந்திகளை நீக்கி ஒற்றைத் தந்திகளாக்கினார்; தந்திகளை ஐந்தாக்கி, மின்னொலி மாண்டலினைக் கைக்கொண்டார். நீண்டு நிற்கும் நாதம் கிடைத்தது; கமகம் அதிலே தவழ்ந்தது. 1998இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 2014இல் மறைந்தபோது, ‘மாண்டலின்’ என்பது அவர் பெயரின் முன்பாதியாகவே ஆகியிருந்தது. அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலம் முன்னே, மேனாட்டு வயலினை நம் இசைக்கு இசைவாக்கிய பாலுசுவாமி தீட்சிதரும் இவ்வழியினரே. கருவியை அப்படியே ஏற்று அலுத்துக்கொண்டவர்களும் அல்லர், எறிந்துவிட்டவர்களும் அல்லர்.

பெற்றோரே, பிள்ளையின் திறமையைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதற்கு முன் மாண்டலினை ஒருமுறை மூலையிலிருந்து எடுத்துப் பாருங்கள். குதிரையின் அடியிலே வெளிச்சம் தெரிகிறதா? அப்படியானால் மாற்ற வேண்டியது பிள்ளையை அன்று.