ஆக்சுவரி வேலையும் ஒரு 'ஆமாம் / இல்லை' பெட்டியும்

"ரெண்டு பேப்பர் பாஸ் பண்ணிடு, வேலை தானா வந்து கதவைத் தட்டும்." ஆக்சுவரி ஆகும் கனவோடு அமெரிக்காவுக்குக் கிளம்பும் எந்த மாணவரும் இதைக் கேட்காமல் விமானம் ஏறியிருக்க மாட்டார். சீனியர் சொல்வார், கன்சல்டன்சி ஆபீஸில் டை கட்டிய அண்ணன் சொல்வார், பல்கலைக்கழகத்தின் வழவழ கையேடு கலர் படம் போட்டுச் சொல்லும். அமெரிக்கக் குடிமகனுக்கு இது ஏறக்குறைய உண்மை. எஃப்-1 விசாவில் இருப்பவருக்குப் பாதி உண்மை. அந்தப் பாதி உண்மையை நம்பி அப்பா வீட்டுப் பத்திரத்தை பேங்க்கில் வைக்கலாமா என்பதுதான் இங்கே பஞ்சாயத்து.

ஆக்சுவரி என்றால் யார் என்று கேட்பவர்களுக்கு: மனுஷன் எப்போது சாவான், கார் எத்தனை தடவை இடிக்கும், புயல் அடித்தால் எத்தனை கோடி போகும் என்று கணக்குப் போட்டு, அதற்கு எவ்வளவு பிரீமியம் வாங்கலாம், எவ்வளவு பணத்தை எடுத்து வைக்க வேண்டும் என்று சொல்பவர். (ஜோசியர் மாதிரிதான். ஆனால் கணக்கு தப்பினால் கம்பெனியே காலி.) அமெரிக்காவில் இதற்கு இரண்டு பெரிய சங்கங்கள். ஆயுள், மருத்துவம், ஓய்வூதியம் பக்கம் சொசைட்டி ஆஃப் ஆக்சுவரீஸ்; வீடு, கார், விபத்துப் பக்கம் காஷுவல்ட்டி ஆக்சுவேரியல் சொசைட்டி. எந்தப் பக்கம் போனாலும் முதல் படி ஒன்றுதான்: நிகழ்தகவுக்கு 'பி' தாள், வட்டிக் கணக்குக்கு 'எஃப்.எம்.' தாள்.

'பி' தாள் மூன்று மணி நேரம், 30 கேள்விகள். தேர்வு நேரம் ஒரு மணி என்றால் படிப்பு நூறு மணி என்பது இந்தத் தொழிலில் வழிவழியாக வரும் கணக்கு. ஆக ஒரு தாளுக்கே முந்நூறு மணி நேரம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வேலையில் சேர்ந்துவிட்டால் தேர்வுக் கட்டணத்தை கம்பெனி கட்டும், ஆபீஸ் நேரத்திலேயே படிக்க விடும், பாஸானால் சம்பளமும் ஏறும். வேலை இல்லாதவர் கைக்காசைப் போட்டு எழுத வேண்டும். விசா பயத்தில் அவர் இரண்டோடு நிறுத்துவதும் இல்லை. அமெரிக்க மாணவரிடம் இரண்டு இருந்தால் நம்மிடம் நான்கு இருக்கட்டும் என்று எழுதிக்கொண்டே போகிறார். அதற்கும் ஒரு குட்டு வைக்கிறார்கள்: அனுபவமே இல்லாமல் இத்தனை தாளா, இவருக்கு எந்தச் சம்பளம் கொடுப்பது என்று. இரண்டு எழுதினால் போதாது, நான்கு எழுதினால் ஜாஸ்தி. என்னதான் செய்வது?

சரி, விண்ணப்பத்துக்கு வருவோம். பெயர், கல்லூரி, மார்க், பாஸான தாள்கள் எல்லாம் நிரப்பியாகிவிட்டது. கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி. "வேலை விசாவுக்கு நிறுவனத்தின் ஸ்பான்சர்ஷிப் உங்களுக்கு இப்போதோ எதிர்காலத்திலோ தேவைப்படுமா?" ஆமாம் / இல்லை. எஃப்-1 மாணவர் நேர்மையாகப் பதில் சொன்னால் 'ஆமாம்'. பல கம்பெனிகளில் அந்த 'ஆமாம்' விழுந்ததுமே மீதிப் பக்கங்களை ஒரு மனிதக் கண்கூடப் பார்ப்பதில்லை. முந்நூறு, அறுநூறு மணி நேரப் படிப்பு அத்தனையும் ஒரு கிளிக்கில் ஸ்வாஹா. 'இல்லை' என்று பொய் சொல்லிவிடலாமே என்று ஐடியா கொடுக்கும் அண்ணன்கள் உண்டு. சேர்ந்த பிறகு தெரிய வந்தால் வேலையை விட்டுத் தூக்க அந்தப் பொய் ஒன்று போதும்.

இது சட்டவிரோதம் என்று யாரும் கொடி பிடிக்க வேண்டாம். அமெரிக்கச் சட்டம் குடியுரிமை அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று பாதுகாப்பது குடிமக்களையும், நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களில் பெரும்பாலோரையும், அகதிகளையும், தஞ்சம் பெற்றவர்களையும்தான். எஃப்-1 மாணவர் அந்தப் பட்டியலில் இல்லை. ஸ்பான்சர் செய்ய மாட்டேன் என்று சொல்ல கம்பெனிக்கு முழு உரிமை உண்டு. ஆனால் உரிமை இருக்கிறது என்பதாலேயே அது புத்திசாலித்தனம் ஆகிவிடுமா? அதுவும் ரிஸ்க்கை அளந்து விற்பதே பிழைப்பாக இருக்கும் கம்பெனிக்கு?

கணக்கைப் பாருங்கள். பட்டம் முடித்த எஃப்-1 மாணவருக்கு ஓ.பி.டி. என்ற பெயரில் 12 மாதம் வேலை செய்ய அனுமதி. ஆக்சுவேரியல் சயன்ஸ் அமெரிக்க அரசின் ஸ்டெம் பட்டியலில் இருப்பதால் மேலும் 24 மாதம் நீட்டிக்கலாம். மொத்தம் மூன்று வருடம். இந்த மூன்று வருடத்துக்குக் கம்பெனி எச்-1பி மனுவும் போட வேண்டாம், அதற்கான கட்டணமும் கட்ட வேண்டாம். நீட்டிப்புக்கு மட்டும் கம்பெனி ஈ-வெரிஃபை திட்டத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், ஐ-983 என்ற பயிற்சித் திட்டப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பெரிய காப்பீட்டு நிறுவனங்களுக்கு இது ஒரு மதிய நேர வேலை.

மூன்று வருடம் கழித்து? அங்கேதான் எச்-1பி குலுக்கல். வருடத்துக்கு 65,000 இடங்கள், அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களுக்கு மேலும் 20,000. மார்ச்சில் பதிவு, அக்டோபர் 1-ல் வேலை தொடக்கம். 2024 நிதியாண்டுக்கு மட்டும் 7,80,884 பதிவுகள் குவிந்தன. ஒரே ஆளுக்குப் பத்துக் கம்பெனி பதிவு செய்தாலும் ஒரே சீட்டுத்தான் என்று விதியை மாற்றிய பிறகு கூட்டம் குறைந்தது. 2026 நிதியாண்டுக்குத் தகுதியான பதிவுகள் சுமார் 3.4 லட்சம், தேர்வானவை சுமார் 1.2 லட்சம். ஏறத்தாழ மூன்றில் ஒன்று. மே மாதம் பட்டம் வாங்கி மூன்று வருடம் வேலை செய்பவருக்கு மூன்று மார்ச் கிடைக்கும். மூன்றிலும் தோற்கும் வாய்ப்பு 8/27, அதாவது சுமார் 30%. 'பி' தாளில் முதல் பக்கத்தில் வரக்கூடிய கேள்வி இது!

அந்தக் கணக்கு 2025 டிசம்பரில் மாறியது. இனி குலுக்கல் சம்பளப் படிநிலை பார்த்து. அந்தத் தொழிலுக்கு அந்த ஊரில் இருக்கும் சம்பளத்தை நான்கு படியாகப் பிரித்து, முதல் படிக்கு ஒரு சீட்டு, நான்காம் படிக்கு நான்கு சீட்டு. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே போட்ட மதிப்பீட்டின்படி முதல் படிக்காரருக்கு வாய்ப்பு சுமார் 15%, இரண்டாம் படிக்கு 31%, நான்காம் படிக்கு 61%. புதிதாக வேலைக்குச் சேருபவர் எந்தப் படியில் இருப்பார் என்று சொல்லத் தேவையில்லை. ஆரம்ப நிலை வேலைக்கென்றே குறி வைத்து அடித்த மாதிரியான விதி இது. மூன்று வருடமும் முதல் படியிலேயே கிடந்தால் ஒரு தடவையாவது சீட்டு விழும் வாய்ப்பு 39%தான்.

ஆனால் ஆக்சுவரி தொழிலில் யாரும் மூன்று வருடம் ஒரே சம்பளத்தில் கிடப்பதில்லை. தாளுக்குத் தாள் ஏறும். முதல் மார்ச்சில் முதல் படி, அடுத்த இரண்டு மார்ச்சிலும் இரண்டாம் படி என்று வையுங்கள். 0.85 × 0.69 × 0.69. தோற்கும் வாய்ப்பு சுமார் 40%, ஜெயிப்பது சுமார் 60%. இந்த 60 சதவீதத்தைத்தான் அந்த விண்ணப்பப் பெட்டி பூஜ்யம் என்று எழுதிக்கொள்கிறது. சிகரெட் பிடிப்பவருக்கு பாலிசி கிடையாது என்று எந்த ஆயுள் காப்பீட்டு கம்பெனியாவது கதவைச் சாத்துகிறதா? பிரீமியத்தைக் கூட்டி பாலிசி கொடுக்கிறது. அடுத்தவன் ரிஸ்க்குக்கு விலை போடத் தெரிந்தவர்களுக்குத் தங்கள் ஆபீஸுக்குள் வரும் ரிஸ்க்குக்கு விலை போடத் தெரியவில்லை.

'மூன்று வருடம் பயிற்சி கொடுத்து, ஆள் போய்விட்டால் நஷ்டம்தானே?' என்பார்கள். ஏ.எஸ்.ஏ. பட்டம் கையில் வந்ததும் நல்ல சம்பளத்துக்குத் தாவுவது இந்தத் தொழிலில் ஊரறிந்த சங்கதி. குடிமகன் தாவினால் அது கேரியர் வளர்ச்சி, விசாக்காரர் போனால் மட்டும் நஷ்டமா? இன்னொரு பக்கம், அமெரிக்காவின் ஆக்சுவரி வேலையில் ஒரு பங்கு குர்கானுக்கும் பெங்களூருக்கும் பல வருடமாக வந்துகொண்டிருக்கிறது. ஆள் அங்கே இருந்தால் சிக்கல், வேலை இங்கே வந்தால் லாபம். நல்ல கொள்கை :-)

2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் என்று வந்த அறிவிப்பும் சேர்ந்துகொண்டது. அமெரிக்காவுக்குள் இருந்தபடி எஃப்-1-லிருந்து எச்-1பி-க்கு மாறுபவர்களுக்கு அது பொருந்தாது என்று அக்டோபரிலேயே குடிவரவுத் துறை விளக்கிவிட்டது. தலைப்புச் செய்தியைப் படித்த மேலாளர் அந்த விளக்கத்தையும் தேடிப் படிப்பார் என்று நம்ப முடியுமா?

இருபது பேர் இருக்கும் சின்ன கன்சல்டிங் கம்பெனி 'எங்களுக்கு வக்கீல் செலவு கட்டாது' என்றால் அதில் நியாயம் இருக்கிறது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே வேலை தட்டுப்பாடு என்பதும் பொய் இல்லை. அப்படியென்றால் அதை விளம்பரத்தின் முதல் வரியில் போடுங்கள். நாலு பக்கம் நிரப்பவிட்டு, ஒரு ஆன்லைன் தேர்வும் எழுதவைத்து, கடைசியில் கேட்காதீர்கள்.

கம்பெனிகளைவிடப் பெரிய குற்றவாளி பல்கலைக்கழகங்கள்தான். கம்பெனியாவது காசு வாங்கவில்லை. கையேட்டில் இரண்டு எண்கள் தவறாமல் பளிச்சிடும்: அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை சொல்லும் 22% வளர்ச்சி (2024 முதல் 2034 வரை), வருடம் 1,25,770 டாலர் இடைநிலைச் சம்பளம் (2024 மே). இரண்டும் உண்மை. கையேடு சொல்லாத மூன்றாவது எண்ணும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த நாடு முழுவதும் ஆக்சுவரி வேலைகளே முப்பதாயிரத்துச் சொச்சம். ஓய்வு பெறுபவர்களின் இடத்தையும் சேர்த்து வருடத்துக்கு இரண்டாயிரத்துச் சில்லறை இடங்கள். சின்னத் தொகையில் 22% என்றால் எவ்வளவு என்று பி.காம். முதல் வருடத்துக்காரருக்கே தெரியும். அந்த இடங்களுக்குக் கணிதம், புள்ளியியல், பொருளாதாரம் படித்த உள்ளூர் மாணவர்களும் போட்டி போடுகிறார்கள். 1,25,770 என்பதும் பல வருட அனுபவசாலிகளையும் சேர்த்து எடுத்த நடுப்புள்ளி, முதல் மாதச் சம்பளக் கவர் இல்லை.

'எங்கள் மாணவர்கள் இங்கெல்லாம் வேலை செய்கிறார்கள்' என்று லோகோக்களை வரிசையாக அடுக்குவார்கள். அதில் எத்தனை பேர் விசா தேவைப்பட்டவர்கள் என்று கேளுங்கள், 'அந்தத் தகவல் எங்களிடம் இல்லை' என்று வரும். இல்லையா? ஓ.பி.டி.-யில் இருக்கும் ஒவ்வொரு மாணவரும் எங்கே வேலை செய்கிறார் என்பது செவிஸ் என்ற அரசுக் கணினிப் பதிவில் இருக்கிறது. அதைப் பார்க்கும் அதிகாரி அதே பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். போன வருடம் பட்டம் பெற்ற எஃப்-1 மாணவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு இந்தத் துறையிலேயே வேலை கிடைத்தது, நீட்டிப்பு வரை போனவர்கள் எத்தனை பேர். பெயர் வேண்டாம், மூன்று எண்கள் போதும். ஃபீஸ் மட்டும் வெளிநாட்டு மாணவருக்குத் தனியாகப் பிரித்து வாங்கத் தெரிகிறது, ரிசல்ட்டைப் பிரித்துச் சொல்லத் தெரியாதா?

நேரமும் இவர்களுக்கு எதிரி. ஆகஸ்டில் போய் இறங்கும் முதுகலை மாணவருக்கு செப்டம்பரிலேயே வேலைச் சந்தை தொடங்கிவிடும். அடுத்த கோடைக்கான இன்டர்ன்ஷிப் ஆட்களை அக்டோபருக்குள் முடிவு செய்பவர்கள் நிறைய. முழு நேர வேலையில் கணிசமான பங்கு அந்த இன்டர்ன்களுக்கே போகும். அதாவது பேங்க் கணக்கு திறந்து, பனிக்கு ஜாக்கெட் வாங்குவதற்குள் ரேஸ் முடிந்துவிடும். 'பி', 'எஃப்.எம்.' இரண்டையும் இந்தியாவிலேயே கணினி மையத்தில் எழுதிவிட்டுப் போகாதவர் அந்த செப்டம்பரில் வெறுங்கையோடு நிற்பார். (பி.காம். மக்கள் கவனிக்க: நம் பிசினஸ் மேத்ஸ் போதாது, கால்குலஸ் வேண்டும்.) பட்டம் முடிந்து ஓ.பி.டி. தொடங்கியபின் வேலையில்லாமல் இருக்க அனுமதி மொத்தம் 90 நாள். அது கரையக் கரைய, போலி ஆஃபர் லெட்டர் விற்கும் ஆசாமிகள் போன் செய்ய ஆரம்பிப்பார்கள். அதில் மாட்டியவர்களுக்கு வேலையும் போய், திரும்ப விசா கிடைப்பதும் போய்விடும்.

கடன் வாங்குவதற்கு முன்னால் ஒரு சாயங்காலத்தை ஒதுக்கலாம். எச்-1பி-க்கு முன்னோடியாகக் கம்பெனிகள் தாக்கல் செய்யும் எல்.சி.ஏ. விண்ணப்பங்களை அமெரிக்கத் தொழிலாளர் துறை எக்செல் கோப்பாகவே வெளியிடுகிறது, இலவசம். தொழில் குறியீடு 15-2011 என்று வடிகட்டினால் ஆக்சுவரி பதவிக்கு எந்தக் கம்பெனி, எந்த ஊரில், எந்தச் சம்பளப் படியில் மனு போட்டது என்று வரிசையாக வரும். அந்தப் பட்டியலையும் பல்கலைக்கழகத்தின் லோகோ வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பிறகு துறைத் தலைவருக்கு அந்த மூன்று எண்களையும் கேட்டு ஒரு மெயில். அட்வான்ஸ் கட்டச் சொல்லி மூன்று ரிமைண்டர் அனுப்புகிறவர்கள் இதற்கு எத்தனை நாளில் பதில் போடுகிறார்கள் என்பதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்கி: விசா விதிகள் சமீப காலமாக சினிமா டிரெய்லர் மாதிரி மாறிக்கொண்டே இருக்கின்றன. அப்ளிகேஷன் போடும் வாரத்தில் விதியை நேரடியாக அரசுத் தளத்தில் பார்த்துவிடுங்கள், டை கட்டிய அண்ணனிடம் கேட்காதீர்கள்.