நெருப்புக்கு நீர் துணை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

ஐம்பூதத் தலங்களுள் நெருப்புக்கு உரியது நம் அண்ணாமலை. அம்மலையின் அடிவாரத்தில், ரமணாசிரமத்தை ஒட்டிய செங்கம் சாலையில், என் தந்தையார் கார் பட்டறை வைத்திருக்கிறார். நெருப்புக்குள் நீரைச் செலுத்தி எந்திரத்துக்கு வலிமை சேர்க்கலாம் என்ற விந்தையை அங்கேதான் கண்டேன். "நீர் பட்டால் நெருப்பு அணையாதோ?" என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன்.

சென்ற கோடை விடுமுறையில், ஆசிரமத்துக்கு அடிக்கடி வரும் வெளியூர் அன்பர் ஒருவர் தம் டர்போ பெட்ரோல் காரைக் கொண்டுவந்தார். கூடவே ஒரு பெட்டி. அதனுள் சிறிய பம்பு, குழாய், தெளிப்பு முனை. "இதை எஞ்சினில் பொருத்தித் தர முடியுமா?" என்றார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் தந்தை பெட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "நீ பிசிக்ஸ் படிக்கிறியே, இது எதுக்குன்னு சொல்லு" என்றார். நான் விழித்தேன்!

அன்றிரவு பாடநூலைத் திறந்தேன். டர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தால் சுழன்று, உள்ளே போகும் காற்றை அமுக்கித் தரும் சக்கரம். அமுக்கினால் காற்று சுடும். நம்மூர்க் கோடையின் 40 டிகிரிக் காற்றை இரு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கினால், இழப்பே இல்லாவிட்டாலும் 108 டிகிரி ஆகிறது. அமுக்கியின் செயல்திறன் 70 விழுக்காடு என்று கொண்டால் 138 டிகிரி! இடையில் இன்டர்கூலர் ஓரளவு தணிக்கிறது. ஆயினும் சூடு மிஞ்சினால், பொறியின் சுடர் வந்து சேருமுன்பே எஞ்சிய கலவை தானே வெடித்துவிடுகிறது. அதுதான் 'நாக்கிங்'. சுத்தியலால் தட்டுவது போன்ற அந்த அடி தொடர்ந்தால் பிஸ்டனே உடையும்.

இங்கேதான் நீர் துணைக்கு வருகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 540 கலோரி வெப்பம் வேண்டும். பெட்ரோல் ஆவியாகும்போது உறிஞ்சுவதைப் போல் இது ஆறு மடங்குக்கும் மேல். ஒரு கிலோ காற்றில் 12 கிராம் நீரைப் பனிபோல் தெளித்து, அது முழுதும் ஆவியானால் காற்று 27 டிகிரி குளிரும் என்று கணக்கு வந்தது. உள்ளுறை வெப்பம் என்று நாம் மனப்பாடம் செய்து எழுதுகிறோமே, அதுதான் இது!

இது புதிய வித்தையன்று. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தண்டர்போல்ட் விமானமும் ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட் விமானமும் நீர் தெளித்து வலிமை பெற்றன. கான்பூரில் உருவான ஆவ்ரோ விமானத்தின் டார்ட் எஞ்சின் சுழலி வகையைச் சேர்ந்தது. அதற்கும் வெயில் நாளில் மேலெழும்ப நீரும் மெத்தனாலும் கலந்து கொடுத்தார்கள். 2016-இல் பி.எம்.டபிள்யூ நிறுவனம் தன் எம்4 ஜி.டி.எஸ். காரில் இம்முறையைக் கையாண்டது.

ஆனால் என்னைச் சிந்திக்க வைத்தது 1962-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் கார்தான். டர்போவும் நீர்க் கலவையும் சேர்ந்த அந்தக் காரில், கலவை தீர்ந்தால் அழுத்தத்தைக் குறைக்கும் பாதுகாப்பும் இருந்தது. ஆயினும் வாங்கியவர் பலர் தொட்டியை நிரப்ப மறந்தனர். பின் வலிமை இல்லை என்று குறைகூறினர். முடிவில் நிறுவனமே பல கார்களில் டர்போவைக் கழற்றிக் கார்புரேட்டரைப் பொருத்தித் தந்தது. எந்திரம் செய்பவன் மனிதனின் மறதியையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதல்லவா இதன் பாடம்?

ஜெட்ஃபயரின் பெயரைக்கூடக் கேள்விப்படாத என் தந்தை அந்தப் பாடத்தை அறிந்திருந்தார். "எவ்வளவு பவர் கூடும்?" என்று நான் துடித்தபோது அவர் சொன்னார்: "பவரு அப்புறம் இருக்கட்டும்டா. தண்ணி தீர்ந்தா என்ன ஆவும்னு மொதல்ல சொல்லு."

வேலையும் அந்த வரிசையிலேயே நடந்தது. தெளிப்பு முனையை இன்டர்கூலருக்குப் பின்னால் பொருத்தினார். எஞ்சின் மெதுவாக ஓடும்போது உறிஞ்சும் வெற்றிடம் நீரைத் தானே இழுத்துவிடாமல் ஒரு வால்வு வைத்தார். உருளைக்குள் நீர் நிறைந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும் அல்லவா? டர்போ அழுத்தம் எழுந்த பிறகே பம்பு ஓடும்படி ஒரு சுவிட்சு. தொட்டியில் நீர் குறைந்தால் எரிய ஒரு விளக்கு. இவை அனைத்தும் சரியாக நடக்கின்றன என்று தெரியும்வரை டர்போ அழுத்தத்தைக் கூட்ட மறுத்துவிட்டார்.

அந்த மறுப்புதான் எங்களைக் காத்தது. ஒருநாள் பட்டறையில் பேட்டரித் தண்ணீர் தீர்ந்திருந்தது. தண்ணீர்தானே என்று ஆழ்குழாய்க் கிணற்று நீரை நான் ஊற்றிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து முனையைக் கழற்றினால் வெள்ளையாய் உப்புப் படிந்து அடைத்திருந்தது! அழுத்தம் கூட்டியிருந்தால் எஞ்சின் போயிருக்கும். எங்கள் ஓராண்டு வருமானமும் போயிருக்கும். துணைப்பாட வேதியியல் செய்முறையில் நீரின் கடினத்தன்மையை அளந்து முழு மதிப்பெண் பெற்றவன் நான். அந்த அறிவு பட்டறை வாசலோடு நின்றுவிட்டது. தந்தை திட்டவில்லை. முனையை என் கையில் கொடுத்து, "நீயே கழுவு" என்றார். அது திட்டியதைவிட வலித்தது.

தோழர்களே, அனைவரும் காரில் நீர் தெளியுங்கள் என்று நான் சொல்லவில்லை. இன்றைய டர்போ கார்கள் நாக்கிங்கைத் தாமே உணர்ந்து பொறி நேரத்தைத் திருத்திக்கொள்கின்றன. அன்றாட ஓட்டத்துக்கு அதுவே போதும். என் கருத்து வேறு. நம் கல்வியும் அந்த முனையைப் போல் அடைபட்டுக் கிடக்கிறது. விடைத்தாளில் நீர் கொதிக்கிறது. வாழ்க்கையில் அது எங்கே கொதிக்கிறது என்று நாம் பார்ப்பதில்லை.

"இது கலைக் கல்லூரி, பாலிடெக்னிக் அன்று" என்பார் சிலர். பழுது பார்க்கக் கற்றுத் தாருங்கள் என்று நான் கேட்கவில்லையே! கழித்துப்போட்ட எஞ்சின் ஒன்றைக் குறுக்கே அறுத்து நம் ஆய்வகத்தில் வைக்கட்டும். இயற்பியல் மன்றம் ஆண்டுக்கொரு நாள் ஒரு மெக்கானிக்கையோ, வெல்டரையோ, மோட்டார் சுருள் கட்டுபவரையோ மேடைக்கு அழைக்கட்டும். அவர் கண்டதைச் சொல்லட்டும். அதன் காரணத்தை நாம் சொல்வோம். இதற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை. பேராசிரியப் பெருமக்கள் மனம் வைத்தால் வரும் ஆண்டே நடக்கும்.

இறுதியாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் பட்டதாரிச் சான்றிதழோடு இக்கல்லூரியில் சேர்ந்த நாளில், விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'சுயதொழில்' என்று எழுதினேன். மெக்கானிக் என்று எழுதக் கை கூசியது. இன்று கூசுவது அப்படி எழுதியதை எண்ணித்தான். மன்றத்தின் மேடைக்கு முதலில் யாரை அழைப்பது என்று கேட்டால், ஒரு பெயரைச் சொல்ல நான் அணியமாயிருக்கிறேன். கையில் எண்ணெய்க் கறை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்!